அவங்க வீட்டு வழக்கம்

அன்புள்ள அண்ணாவுக்கு,

தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பின்னேரங்களில் டியூசன் எடுக்கிறேன். இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் என்று எல்லா வீட்டுப் பிள்ளைகளும் வருவார்கள். அக்கா யாரோடோ போனில் பேசினாள் என்று அப்பா பெல்ட்டால் அடித்ததைப் போன கிழமை ஒரு பையன் பெருமையாகச் சொன்னான். எங்கள் வீட்டில் கைநீட்டவே மாட்டார்கள் என்றது இன்னொரு பிள்ளை. "எங்க வீட்டுல அதுதான் சரி சேர்" என்று அவன் முடித்துவிட்டான். எல்லாருக்கும் பொதுவாக ஓர் ஒழுக்கம் வேண்டுமென்றால் அதை யார் முடிவு செய்வது? வேண்டாமென்றால், அவங்க வீட்டு வழக்கம் என்று விட்டுவிடுவதா?

அன்புள்ள தம்பி,

விடக்கூடாது. பொதுவாக ஒன்று வேண்டும் என்றுதான் நானும் சொல்வேன், ஆனால் நம் ஆட்கள் ஒழுக்கம் என்று வாயெடுத்தாலே பேச்சு ஒரு பொம்பளைப் பிள்ளை எத்தனை மணிக்கு வீடு வந்தாள் என்பதில்தான் போய் நிற்கும், அதனால் கொஞ்சம் பயந்துகொண்டே சொல்கிறேன்.

கொழுந்து நிறுக்கிற இடத்தில் போய் நின்று பாருங்கள். சாக்குக்கு, ஈரத்துக்கு என்று சொல்லி நியாயத்துக்கு மேல் இரண்டு கிலோ கழித்தால் மாரியம்மனைக் கும்பிடுகிறவளும் மாதாவைக் கும்பிடுகிறவளும் சேர்ந்துதான் சத்தம் போடுவார்கள். அதற்கு யாரும் வகுப்பெடுக்கவில்லை. பொதுவானது நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது, யாருக்கு என்று வரும்போதுதான் இழுபறி. 1984 வரை இதே பெண்களுக்கு ஆண்களைவிடக் குறைந்த நாட்சம்பளம். அதை ஒழுக்கக்கேடு என்று சொல்லிக் கோயிலில் கூட்டம் போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. போனில் பேசிய பிள்ளைக்கு மட்டும் உடனே கூட்டம்.

யார் முடிவு செய்வது என்று கேட்டீர்களே, அது நல்ல கேள்வி. கண்டிச் சிங்களவரிடையே அண்ணன் தம்பிகள் ஒரே பெண்ணைக் கட்டி ஒரே வீட்டில் வாழும் வழக்கம் முன்பு இருந்தது. 1859இல் ஆங்கிலேயர் அதைச் சட்டம் போட்டு நிறுத்தி, பதிந்தால்தான் கல்யாணம் என்றார்கள். சனங்கள் பாட்டுக்குப் பழையபடியே கட்டிக்கொள்ள, பிறந்த பிள்ளைகள் பலர் சட்டத்தின் கண்ணில் முறைதவறியவர்கள் ஆனார்கள். இவ்வளவு ஒழுக்கம் பார்த்த அதே அரசாங்கத்தில்தான் நம் தாத்தாமாரை ஒரு துண்டுக் கடுதாசியில் கடனை எழுதித் தோட்டத்துக்குத் தோட்டம் மாற்றினார்கள், அந்தத் துண்டு முறை ஒழிந்தது 1921இல். மேலே இருக்கிறவன் தன் வீட்டுப் பழக்கத்தைப் பொது ஒழுக்கமாக இறக்கினால் இப்படித்தான் ஆகும்.

ஆகவே, எந்த விதியானாலும் அது யார் தலையில் விழுகிறதோ அவர்களைக் கேட்காமல் போட்டால் எனக்கு அது செல்லாது. அந்த அப்பாவின் விதியும் அப்படித்தான். மற்றபடி எதைச் சாப்பிடுவது, எப்படிக் கட்டிக்கொள்வது, தீபாவளிக்குக் குடிப்பதா என்பதெல்லாம் அவரவர் பாடு. (குடியைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, அது வேறு கடிதத்துக்கு.)

அந்தப் பையனுக்குப் பிரசங்கம் வேண்டாம். உன் அக்காவும் அதைச் சரி என்கிறாளா என்று மட்டும் கேளுங்கள். அப்புறம், அவளுக்குப் பதினெட்டு ஆகவில்லையென்றால் இது வகுப்பு விவாதமே இல்லை. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1929. அதற்கு முன் அவள் அம்மாவையாவது கண்டு, பிள்ளை இப்போது எப்படி இருக்கிறாள் என்று விசாரியுங்கள்.