தோற்கும்போது மட்டும் நெட் போவது ஏன்?

(ஆன்லைன் ஆட்டத்தில் பாதியில் காணாமல் போகிறவர்களை என்ன செய்வது என்று இந்த முறை நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். மற்ற கேள்விகள் அடுத்த இதழில்.)

ஆன்லைனில் செஸ் ஆடுகிறேன். அடுத்த நகர்வில் மேட், ஆட்டம் முடிந்தது என்று தெரிந்ததும் எதிராளி தோல்வியை ஒப்புக்கொண்டு ரிசைன் பண்ணாமல் அப்படியே போய்விடுகிறார். இந்த மாதிரி ஆட்களை உடனே தடை செய்தால் என்ன?
– வாசகர், சேலம்

செய்யலாம்தான், ஆனால் சர்வர் பக்கத்திலிருந்து பார்த்தால் என்ன தெரிகிறது என்று யோசியுங்கள். எதிராளி கோபத்தில் டேபை மூடினால், மூடும்போதே இணைப்பு முடிந்தது என்ற தகவலை பிரவுசர் அனுப்பிவிடும். அதைப் பிடித்துவிடலாம். அவரே மோடம் வயரைப் பிடுங்கினால் எந்தத் தகவலும் வராது, 'இங்கேதான் இருக்கிறேன்' என்று சில நொடிக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்த பிங் என்ற சிக்னல் நின்றுபோகும், அவ்வளவுதான். தெருவில் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தாலும் அதேதான், ரயில் சுரங்கத்துக்குள் நுழைந்தாலும் அதேதான். அந்த ஆள் மனசில் என்ன இருந்தது என்று எந்த சாஃப்ட்வேராலும் சொல்ல முடியாது.

அதனால் விவரமான தளங்கள் மனசைத் தேடிப் போவதில்லை. ஆட்டத்துக்கு ஒரு தீர்ப்பு, ஆளுக்கு வேறு தீர்ப்பு என்று பிரித்துவிடுகின்றன. ஆட்டத்தைப் பொறுத்தவரை காரணம் எதுவானாலும் திரும்பி வராதவருக்குத் தோல்வி, அதுவும் அந்த ஆட்டத்திலேயே. ஆளுக்கான தண்டனை மட்டும் பழக்கத்தைப் பார்த்து வரும். லிசெஸ் என்ற ஆன்லைன் செஸ் தளத்தின் நிரல் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி திறந்து கிடக்கிறது, அதில் ஆடுகிறவர்களின் நடத்தையை வகை பிரித்து வைத்திருக்கிறார்கள். ரிசைன் பண்ணாமல் ஓடுகிறவர் ஒரு வகை. ஓடாமல் உட்கார்ந்து கடிகாரத்தைத் தீர்ப்பவர் இன்னொரு வகை. எனக்கு ரொம்பப் பிடித்தது அடுத்த வகை: நேரம் முழுக்கச் சும்மா இருந்துவிட்டு, இனி வரமாட்டான் என்று நாம் டீ போட எழுந்த பிறகு கடைசி நொடியில் டக்கென்று ஒரு நகர்வு வைப்பவர்! அதற்கும் தனியாக ஒரு பெயர் கொடுத்திருக்கிறார்கள் என்றால் எத்தனை பேர் புகார் செய்திருக்க வேண்டும் பாருங்கள். இப்படித் திரும்பத் திரும்பச் செய்கிறவருக்குச் சில நிமிடத் தடையில் ஆரம்பித்து, அடங்காவிட்டால் அது நீண்டுகொண்டே போகும்.

நீங்கள் செய்ய வேண்டியது சுலபம். லிசெஸில் எதிராளி போய்விட்டார் என்று திரையில் வந்தால் கொஞ்ச நேரத்தில் வெற்றியைக் கோரும் பட்டன் வரும், அதை அழுத்துங்கள். ஆள் போகாமல் உட்கார்ந்திருந்தால் அந்த பட்டன் வராது, கடிகாரம் தீரும்வரை இருந்தே ஆக வேண்டும். தண்டனை பிறகு வரலாம், ஆனால் அந்த ஆட்டத்தில் நேரம் அவருடையது, அதை வீணாக்கினாலும் தடுக்க முடியாது. அப்புறம் ஒன்று, உங்களிடம் வெறும் ராஜா மட்டும்தான் மிச்சம் என்றால் அவருக்கு நேரம் தீர்ந்தாலும் டிராதான்.

கவுன்டர் ஸ்டிரைக் ஆடும்போது கரண்ட் போனதற்காக என் மகனுக்கு 24 மணி நேரத் தடை போட்டுவிட்டார்கள். அவன் வேண்டுமென்றே செய்யவில்லையே, இது நியாயமா?
– வாசகி, நாகர்கோவில்

அம்மா, இதைச் சொல்லலாமா என்று தெரியவில்லை, சொல்லிவிடுகிறேன். அந்த விளையாட்டில் வெகுகாலமாக இருந்த வரிசை இது: முதல் தடவை 30 நிமிடம், அடுத்து 2 மணி நேரம், அப்புறம்தான் 24 மணி நேரம், அதற்கும் மேலே 7 நாள். ஒழுங்காக இருந்தால் வாரத்துக்கு ஒரு படி இறங்கும். ஆக, 24 என்றால் பெரும்பாலும் மூன்றாவது தடவை. சாப்பிடக் கூப்பிட்டதும் பாதியில் எழுந்து வந்த நாட்களும் இந்தக் கணக்கில் சேர்ந்திருக்கும், மகனிடம் கேட்டுப் பாருங்கள் (அதற்காக சாப்பிடக் கூப்பிடாமல் இருந்துவிடாதீர்கள்).

கரண்ட் நிஜமாகவே அடிக்கடி போகிறது என்றால் தடையைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. பல வீடுகளில் இன்வெர்ட்டரில் ஃபேன் ஓடும், லைட் எரியும், கம்ப்யூட்டர்கூட ஓடும், மோடம் மாட்டியிருக்கும் பிளக் மட்டும் அந்த லைனில் இருக்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதை மாற்றச் சொல்லுங்கள், இல்லையென்றால் மோடத்துக்கென்றே விற்கும் சின்ன யூபிஎஸ் ஒன்று வாங்கி வையுங்கள்.

ஐந்து பேர் அணியில் ஒருத்தன் ஓடிவிட்டால் மற்ற நாலு பேருக்கும் ஏன் தோல்வி? ஆட்டத்தையே ரத்து செய்யலாமே?
– வாசகர், புதுச்சேரி

ரத்து என்று விதி வைத்தால், தோற்கிற ஒவ்வொரு அணியிலும் நண்பர்களில் ஒருத்தன் தியாகியாக வெளியே போவான். மற்ற நாலு பேரும் புள்ளி இழக்காமல் தப்பிப்பார்கள், அடுத்த ஆட்டத்தில் தியாகி மாறுவார். அதனால்தான் லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் என்ற அணி விளையாட்டில் ரத்துக்கு ஓட்டுப் போடும் வசதியை ஆட்டத்தின் ஆரம்பத்தில் மட்டும், அதுவும் ஒரு ஆள் வந்தே சேராத, அல்லது தொடக்கத்திலேயே போய்விட்ட நிலைமைக்கு என்று வைத்திருக்கிறார்கள். டோட்டா 2 வேறு மாதிரி: இணைப்பு அறுந்தவர் திரும்பி வர 5 நிமிடம் தருகிறது, வராவிட்டால் ஓடியவர் கணக்கில் சேர்த்து, இது தொடர்ந்தால் அதே மாதிரி ஆட்களோடு மட்டுமே ஆட வேண்டிய தனி வரிசைக்கு அனுப்புகிறது. ஓடுகிறவனை ஓடுகிறவர்களோடு ஆட விடுவதுதான் எனக்குத் தெரிந்து நல்ல தண்டனை.

2020 ஆன்லைன் செஸ் ஒலிம்பியாடில் நெட் போனதால்தான் நமக்குப் பாதித் தங்கம் கிடைத்தது என்கிறான் நண்பன். அது நேர்மையான வெற்றியா?
– வாசகர், சென்னை

பாதி இல்லை, முழுத் தங்கம்தான், ரஷ்யாவோடு கூட்டாக. ஆகஸ்ட் 30 அன்று இறுதிச் சுற்று. முதல் மோதல் 3-3. இரண்டாவதில் நிஹால் சரினுக்கும் திவ்யா தேஷ்முக்குக்கும் இணைப்பு போய் நேரம் தீர்ந்தது, ரஷ்யா 4.5-1.5 என்று ஜெயித்தது. இந்தியா மேல்முறையீடு செய்தது. அதே நேரத்தில், ஏராளமான இணையதளங்கள் நம்பியிருக்கும் கிளவுட்ஃபிளேர் சேவை உலகின் பல நாடுகளில் பாதிக்கப்பட்டிருந்தது எல்லோருக்கும் தெரிந்த விஷயமாகிவிட்டது. கடைசியில் உலக செஸ் அமைப்பான ஃபிடேயின் தலைவர் த்வோர்கோவிச் இரண்டு அணிக்கும் தங்கம் என்று அறிவித்தார்.

உங்கள் நண்பர் இன்னொன்றையும் சொன்னாரா? அதற்கு இரண்டு நாள் முன்பு, காலிறுதியில் ஆர்மீனியாவின் மர்திரோசியன் இதே நிஹாலோடு ஆடும்போது இணைப்பு அறுந்து தோற்றார். தங்கள் பக்கம் இணையத்தில் கோளாறு இல்லை என்று ஆர்மீனியா முறையிட்டது, மேல்முறையீட்டுக் குழு ஏற்கவில்லை, ஆர்மீனியர்கள் அடுத்த மோதலுக்கு வராமல் விலகிவிட்டார்கள், நாம் அரையிறுதிக்குப் போனோம். எனக்கு இரண்டு முடிவும் சரி என்றே படுகிறது. தனி ஒருவருக்கு இணைப்பு போனால் அது அவர் பொறுப்பு என்று இருந்தால்தான் போட்டி நடத்த முடியும். ஆனால் கோளாறு ஆடுகிறவர் வீட்டைத் தாண்டி வெளியே நடந்ததற்கு ஆதாரம் இருந்தால் விதியைத் தளர்த்தலாம். ஆர்மீனியர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

சண்டை விளையாட்டுகளில் உயிர் கொஞ்சம்தான் மிச்சம் என்றதும் வயரைப் பிடுங்குகிறார்கள். எனக்குப் புள்ளியே ஏறுவதில்லை!
– வாசகர், திருச்சி

பல சண்டை விளையாட்டுகளில் இரண்டு பேர் கருவிகளும் நேரடியாகப் பேசிக்கொள்ளும், முடிவு மட்டும்தான் சர்வருக்குப் போகும். நடுவில் அறுந்தால் போய்ச்சேர முடிவே இருக்காது, ஓடினவருக்குப் புள்ளி குறையாது, உங்களுக்கும் ஏறாது. 2016 பிப்ரவரியில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5 வந்தபோது ஓடுகிறவர்களுக்கு எந்தத் தண்டனையும் இல்லை. புகார் குவிந்ததும் காப்காம் நிறுவனம் வீடியோ ஆதாரம் அனுப்பச் சொன்னது, பறிகொடுத்தவனிடமே திருடனின் போட்டோவைக் கேட்ட மாதிரி. பிறகுதான் அடிக்கடி ஓடுகிறவர்களின் புள்ளியைக் கழிக்க ஆரம்பித்தார்கள். அதற்கு முந்தின வருடமே வந்த மார்டல் காம்பாட் எக்ஸில் எதிராளி ஓடினால் அவருடைய பாத்திரத்தின் தலை அந்த இடத்திலேயே வெடிக்கும். பார்க்கிற நமக்கு ஒரு திருப்தி, அதையும் குறைத்து மதிப்பிடாதீர்கள்.

எங்கள் கல்லூரியில் ஆன்லைன் செஸ் போட்டி நடத்துகிறோம். நெட் போனால் என்ன செய்வது என்று விதி எழுதித் தர முடியுமா?
– மாணவி, மதுரை

மூன்று வரி போதும். இணைப்பு போனாலும் கடிகாரம் நிற்காது. திரும்பி வருவதற்குள் நேரம் தீர்ந்தால் தோல்வி, காரணம் கேட்கப்பட மாட்டாது. தளமே முடங்கினால், அல்லது ஒரே நேரத்தில் பல போர்டுகளில் அறுந்தால் மட்டும் அந்தச் சுற்று திரும்ப நடக்கும். 'பல' என்றால் எத்தனை என்பதைப் போட்டிக்கு முன்பே எண்ணில் எழுதிவிடுங்கள், அன்றைக்கு முடிவு செய்யலாம் என்று விட்டால் தோற்கிற அணியின் சீனியர்கள் வந்து நிற்பார்கள். ஒவ்வொரு நகர்வுக்கும் கடிகாரத்தில் 2 நொடியாவது கூடும்படி வையுங்கள், ஒரு சின்ன தடங்கலுக்கே ஆட்டம் போகாது.