வெளிநாட்டுக் கடை கிரெடிட் கார்டில் இருமுறை பிடித்த பணத்தைத் திரும்பப் பெறுவது எப்படி?

சிங்கப்பூர் கடையில் வாங்கியது ஒருமுறை, பணம் போனது இருமுறை. கடைக்காரரும் மின்னஞ்சலுக்குப் பதில் சொல்லவில்லை என்கிறீர்கள். சரி, முதலில் கார்டு கணக்கைப் பாருங்கள். இரண்டில் ஒன்று இன்னும் ‘பெண்டிங்’ என்று இருந்தால் பொறுங்கள். அது பெரும்பாலும் சில நாட்களில் தானாகவே போய்விடும்.

இரண்டுமே ஸ்டேட்மென்ட்டில் ஏறியிருந்தால் கார்டு கொடுத்த வங்கியிடம் ‘சார்ஜ்பேக்’, அதாவது பிடித்த பணத்தை வங்கி மூலம் திரும்பப் பெறும் முறையைக் கேளுங்கள். உங்கள் வங்கி கடைக்காரரின் வங்கியிடம் விளக்கம் கேட்கும். அவர்கள் உரிய ஆதாரம் காட்டாவிட்டால் பணம் உங்களுக்குத் திரும்பும். விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் இதற்குப் பொதுவாக 90 முதல் 120 நாள் அவகாசம் உண்டு. ஆனால் வங்கிகள் அதற்கு முன்பே கெடு வைப்பதுண்டு, அதனால் தள்ளிப்போடாதீர்கள். ரசீதையும் கடைக்கு எழுதிய மின்னஞ்சலையும் இணையுங்கள்.

கோபத்தில் ‘மோசடி’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். கார்டை முடக்கி, புகாரை வேறு பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள். ‘ஒரே பரிவர்த்தனைக்கு இரண்டு பிடித்தம்’ என்றே எழுதுங்கள்.

அப்புறம், அந்நியச் செலாவணிக் கட்டணமும் அதன் மேல் 18% ஜிஎஸ்டியும் இரண்டாவது பிடித்தத்துக்கும் விழுந்திருக்கும். அதையும் சேர்த்துக் கேளுங்கள். கேட்காவிட்டால் பல வங்கிகள் தருவதில்லை. சர்ச்சையில் இல்லாத பில் தொகையை வழக்கம்போலக் கட்டிவிடுங்கள்.

எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து 30 நாளாகியும் வங்கி அசையவில்லை என்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே முறையிடலாம். அதற்குக் கட்டணம் கிடையாது.