அடிக்கடி காணாம போற டிரைவ்

கேள்வி: ரவுட்டர்ல கேபிள் போட்டு மாட்டின ஸ்டோரேஜ் டிரைவ் திடீர் திடீர்னு லேப்டாப்ல காணாம போயிடுது, ரவுட்டரை ஆஃப் பண்ணி போட்டா வருது. டிஸ்க் போயிடுச்சா?

பதில்: பயப்படாதீங்க, பெரும்பாலும் டிஸ்க் இல்ல, நெட்வொர்க்தான். ஆனா முக்கியமான ஃபைலையெல்லாம் முதல்ல வேற டிஸ்க்ல காப்பி எடுத்துடுங்க, அப்புறம் மத்தது.

அடுத்த தடவை காணாம போறப்போ ரவுட்டர் செட்டிங்ஸ்ல மாட்டியிருக்க சாதனங்களோட லிஸ்ட்ல டிரைவோட ஐபி நம்பரை (நெட்வொர்க்ல அதோட விலாசம்) பாத்து, லேப்டாப்ல ஃபைல் விண்டோவோட அட்ரஸ் பார்ல நேரா டைப் பண்ணுங்க, திறந்துச்சுன்னா லேப்டாப் டிரைவோட பேரைத் தேடுறதுலதான் சிக்கல், அதே ஐபி மாறாம இருக்க ரவுட்டர்ல ரிசர்வ் பண்ணிட்டு, லேப்டாப்ல டிரைவை அந்த நம்பர்லயே மேப் பண்ணிடுங்க (இணைச்சு வச்சிடுங்க). திறக்கலைன்னா கேபிளை மாத்திப் பாருங்க, கிகாபிட் வேகத்துக்கு உள்ள இருக்க 8 கம்பியும் வேணும், கிளிப் உடைஞ்ச பிளக்னா லேசா ஆட்டினாலே கேபிள் போடுற இடத்துல இருக்க லைட் அணைஞ்சு எரியும். டிரைவோட ஸ்லீப் மோடையும் ஆஃப் பண்ணிப் பாருங்க.