பனி விலகியபோது திறந்த வழி எது? – அமெரிக்காவின் முதல் மனிதர்கள் பற்றிய கேள்விகள்

ஆசியாவிலிருந்து அமெரிக்காவுக்கு நடந்தே போனார்கள் என்கிறார்கள். நடுவில் கடல் இருக்கிறதே?

அன்று இல்லை. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் ஏராளமான நீர் நிலத்தின் மேல் பனியாக உறைந்து கிடந்ததால், கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பெரிங் நீரிணையின் ஆழமோ ஐம்பது மீட்டர் அளவுதான். சைபீரியாவும் அலாஸ்காவும் ஒரே புல்வெளியாக இருந்தன. மாமத்துகளும் குதிரைகளும் மேய்ந்த அந்த நிலத்தைப் பெரிஞ்சியா என்கிறோம்.

கனடாவில் இரண்டு பனிப்படலங்கள் விலகி நடுவே வழி திறந்ததும் தெற்கே இறங்கினார்கள் என்று படித்தேன். சரிதானே?

முதலில் வந்தவர்களுக்கு இது பொருந்தாது. லாரன்டைடு, கார்டில்லெரன் பனிப்படலங்களுக்கு நடுவிலான அந்த வழி முழுமையாகத் திறந்தது ஏறத்தாழ 13,800 ஆண்டுகளுக்கு முன். ஆனால் புளோரிடாவின் பேஜ்-லாட்சனில் 14,550 ஆண்டுப் பழமையுள்ள கல் கருவிகள் கிடைத்திருக்கின்றன. மேலும், பனி உருகிய மறுநாளே நிலம் நடக்க ஏற்றதாகிவிடாது. சரளைக்கல், உருகுநீர் ஏரிகள், சேறு, தின்ன எதுவுமில்லை. அங்குள்ள ஏரிப் படிவுகளின் டிஎன்ஏவை ஆராய்ந்த 2016ஆம் ஆண்டு ஆய்வின்படி, செடிகளும் காட்டெருமைகளும் வந்துசேர்ந்தது சுமார் 12,600 ஆண்டுகளுக்கு முன்புதான். சில நூற்றாண்டுகள் முன்னே பின்னே என்று வாதம் உண்டு. எப்படிக் கணக்குப் போட்டாலும் புளோரிடாக்காரர்களுக்கு அது பிந்திய வழி.

அப்படியானால் எப்படித்தான் வந்தார்கள்?

பசிபிக் கரையோரமாக என்பதே என் முடிவு. அங்கே பனி முன்னதாகவே பின்வாங்கியது. தென்கிழக்கு அலாஸ்காவின் சில தீவுகள் சுமார் 17,000 ஆண்டுகளுக்கு முன்பே வெளிப்பட்டுவிட்டன. மீன், சிப்பி, கடல்நாய், கெல்ப் என்னும் பெருங்கடற்பாசி எனக் கரை முழுக்க உணவு.

சான்று எங்கே என்று கேட்பீர்கள். உருகிய பனியே கடலை உயர்த்தி, பழைய கரைகளில் பெரும்பகுதியை மூழ்கடித்துவிட்டது. ஆனால் பிரிட்டிஷ் கொலம்பியாவின் நடுக்கரையில் ஓர் அருமையான விதிவிலக்கு உண்டு. பனியின் பாரம் நீங்கியதும் அமிழ்ந்திருந்த நிலம் மேலெழுந்தது, கடலும் கூடவே உயர்ந்தது. ஆகவே கரைக்கோடு அவ்வளவாக நகரவில்லை. அங்கேதான் கால்வெர்ட் தீவில், இன்றைய கடற்கரை மணலுக்கு அடியில், சுமார் 13,000 ஆண்டுப் பழமையான 29 காலடித் தடங்கள் கிடைத்தன. அவற்றில் ஒரு குழந்தையின் தடமும் இருக்கிறது. தீவுக்குப் படகில்லாமல் எப்படிப் போயிருப்பார்கள், யோசியுங்கள்.

நியூ மெக்சிகோவின் ஒயிட் சாண்ட்ஸ் தடங்கள் இன்னும் பழையவையாமே?

ஆம், 21,000 முதல் 23,000 ஆண்டுகள். 2021இல் நீர்த்தாவர விதைகளை வைத்துச் சொன்ன கணக்கைப் பலர் சந்தேகித்தார்கள்; அத்தகைய செடிகள் நீரிலுள்ள பழைய கார்பனை உறிஞ்சக்கூடியவை, அதனால் உண்மையைவிடப் பழையவையாகத் தோன்றலாம். 2023இல் மகரந்தமும் குவார்ட்சு மணலும் அதே காலத்தையே காட்டின. நான் இதை ஏற்கிறேன். அப்படியானால் பனி வழியை அடைப்பதற்கு முன்பே ஒரு கூட்டம் தெற்கே போயிருக்க வேண்டும். பனி விலகிய பிறகு நடந்தது பெரும் பரவல். முதல் வருகை அல்ல.

பெரிஞ்சியா எப்போது மூழ்கியது?

சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன். அதோடு போக்குவரத்து நின்றுவிடவில்லை. நீரிணையின் அகலம் சுமார் 85 கிலோமீட்டர்தான், நடுவில் டயோமீட் தீவுகளும் உண்டு. பிற்காலத்து மக்கள் படகிலேயே இரு கரைக்கும் போய்வந்தார்கள்.