குளிர்காலத்துக்கு முன் சமூகத் தோட்டம்: பசளை மூடையா, மேப்பிள் சருகா?

கேள்வி: ரொறன்ரோ, ஸ்காபரோவில் உள்ள ஒரு சமூகத் தோட்டத்தில் சில குடும்பங்களாகச் சேர்ந்து பயிரிடுகிறோம். சென்ற வசந்தத்தில் மண் கல்லாக இறுகிக் கிடந்தது. கோடையில் தக்காளி இலைகள் அடியிலிருந்து புள்ளி விழுந்து கருகின. இம்முறை ஒக்ரோபர் முடிவதற்குள் எல்லாவற்றையும் பிடுங்கி, இயந்திரத்தால் உழுது, கடைக்காரர் சொன்ன 'குளிர்காலப் பசளை'யைப் போட எண்ணியுள்ளோம். ஒரு பாத்திக்கு எத்தனை கிலோ போடவேண்டும்? இன்னுமொரு வருடம் வீணாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: ஒரு கிலோவும் வேண்டாம். அந்தப் பெயரில் விற்கப்படுவது புற்றரைக்குரிய பசளை. வேரோடு குளிரைக் கடந்து மறுபடி துளிர்க்கும் புல்லுக்கு அது உதவலாம். வெறும் காய்கறிப் பாத்தியில் அதை உறிஞ்ச நவம்பரில் ஒரு வேரும் இராது. அதிலுள்ள நைதரசனில் பெரும்பகுதி, பனி உருகும் காலத்தில் நீரோடு கீழிறங்கிப் போய்விடும். இதைத் தக்காளிப் பாத்திக்கென்று விற்பவர் தம் மூடைகளைத் தீர்க்கப் பார்க்கிறாரே தவிர, உங்கள் மண்ணைப்பற்றி எண்ணவில்லை.

மண் இறுகியதற்குக் காரணம் பசளைக் குறைவன்று. ஈரக் களிமண்ணை இயந்திரத்தால் பொடியாக்கி, ஏப்ரல் வரை வெறுமையாக விட்டால், மழையும் உருகிய பனிநீரும் அந்தப் பொடியைச் சேறாக்கிப் படியவைக்கும். அது காய்ந்ததும் ஓடாகிவிடும். எனவே உழவு இயந்திரத்துக்கு வாடகை கொடுக்காதீர்கள்.

அதற்குப் பதிலாகச் சருகைச் சேருங்கள். ஒக்ரோபர் பிற்பகுதியிலிருந்து உங்கள் அயலவர்கள் பழுப்புக் காகிதப் பைகளில் கட்டி வீதியோரம் வைப்பதைக் கேட்டு வாங்குங்கள். மேப்பிள் இலையை முழுதாகப் போட்டால் நனைந்து பாய்போல் ஒட்டிக்கொள்ளும் என்பதால், புல்வெட்டும் இயந்திரத்தை அதன்மேல் ஓட்டி நொறுக்கி, நான்கு முதல் ஆறு அங்குலத் தடிப்பில் பரப்புங்கள். நோர்வே மேப்பிள் இலைகளில் பெரிய கரும்புள்ளிகள் இருக்கக் கண்டு பலர் அவற்றை ஒதுக்குகிறார்கள். அந்தப் பூஞ்சணம் மேப்பிளை மட்டுமே தாக்குவது, உங்கள் கத்தரிக்கோ மிளகாய்க்கோ அதனால் தீங்கில்லை. கறுப்பு வால்நட் மரத்தின் இலையை மட்டும் கண்டிப்பாகத் தவிருங்கள், அதிலுள்ள நச்சு தக்காளியை வாட்டும். ஒன்ராறியோவில் வீட்டுப் புற்றரைகளில் அழகுக்காகக் களைகொல்லி தெளிப்பது 2009 முதல் தடைசெய்யப்பட்டிருப்பதால், சருகோடு கலந்துவரும் புல்லைப்பற்றிப் பெரிதாக அஞ்சவேண்டியதில்லை.

யாழ்ப்பாணத்தில் பூவரசங்குழை தாழ்த்திப் பழகியவர்கள் இங்கும் சருகைக் கொத்திப் புதைக்க முனைவார்கள். அங்கே வெப்பத்தில் பச்சைக் குழை விரைவில் உக்கும். இங்கே புதைத்த காய்ந்த சருகு குளிர்மண்ணில் உக்காமல் கிடந்து, வசந்தத்தில் கன்றுக்குரிய நைதரசனைத் தான் உக்குவதற்கு இழுத்துக்கொள்ளும். மேலே கிடக்கட்டும்; மண்புழுக்கள் கீழே கொண்டுபோகும்.

தக்காளியைப் பொறுத்தவரை, அடியிலையில் தொடங்கும் புள்ளிநோய்கள் பழைய செடிக்கழிவில் தங்கிக் குளிரைக் கடக்கும். மழைத்துளி தெறிக்கும்போது மறுபடி இலைக்கு ஏறும். ஆகவே தக்காளிச் செடிகளையும் உதிர்ந்த இலைகளையும் தோட்டத்து உரக்குவியலில் சேர்க்காமல் மாநகரக் கழிவுப் பையில் அனுப்பிவிடுங்கள். தடிகளைக் கழுவி வையுங்கள். அடுத்த கோடையிலும் கன்றைச் சுற்றிச் சருகு கிடந்தால் அந்தத் தெறிப்பு வெகுவாகக் குறையும். பயற்றங்கொடியை மட்டும் நிலமட்டத்தில் வெட்டி, வேரை மண்ணிலேயே விடுங்கள்.

தண்ணீர்க் குழாய்களை வடித்து உள்ளே எடுத்துவைப்பதை நீங்களே அறிவீர்கள்.

பசளைக்கு ஒதுக்கிய பணத்தில் இங்கேயே விளைந்த உள்ளி (வெள்ளைப்பூண்டு) வாங்குங்கள். ஒக்ரோபர் நடுப்பகுதியில், சருகு போடுமுன், பல்லின் கூர்முனை மேலே இருக்க, இரண்டு அங்குல ஆழத்தில், ஆறு அங்குல இடைவெளியில் ஊன்றுங்கள். கடையில் சமையலுக்கு விற்கும் இறக்குமதி உள்ளியை ஊன்றாதீர்கள், அது பெரும்பாலும் இந்தக் குளிருக்கு ஏற்ற இனமன்று.