23 சான்றிதழ் இருக்கிறது, 'என்ன செய்யத் தெரியும்?' என்கிறார்கள்!

கேள்வி: நான் நூலக அறிவியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வெபினார், பயிலரங்கு என்று எதையும் விட்டதில்லை. இதுவரை 23 சான்றிதழ்கள் சேர்ந்திருக்கின்றன. போன மாதம் ஒரு பள்ளியில் நூலகர் வேலைக்கு நேர்காணல் போனேன். ஃபைலைப் புரட்டிப் பார்த்த அம்மையார், "இதெல்லாம் சரிம்மா, உனக்கு என்ன செய்யத் தெரியும்?" என்றார். எனக்கு வாய் திறக்கவில்லை. உண்மையில் எனக்கு ஆசையெல்லாம் பழைய தாள், ஓலைச்சுவடி, ஆவணக்காப்பகம் பக்கம்தான். ஆவணக்காப்பு டிப்ளமாவை டெல்லிக்குப் போய் ஒரு வருடம் படிக்க வீட்டில் வசதியில்லை. படிப்பு முடிவதற்குள் நான் என்ன செய்யலாம்?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பதில்: அந்த அம்மையார் மேல் கோபப்படாதீர்கள். மேசைக்கு அந்தப் பக்கம் நானும் பல தடவை உட்கார்ந்திருக்கிறேன். வருகிற ஃபைல்கள் எல்லாமே தடிமனாகத்தான் இருக்கும். 'பங்கேற்றார்' என்ற சொல்லைத் தவிர அவற்றில் ஒன்றும் இருக்காது. வெபினாரை ஓடவிட்டுப் பக்கத்தில் வெங்காயம் நறுக்கினாலும் அதே சான்றிதழ்தான் வரும். நானே நறுக்கியிருக்கிறேன், அதனால் சொல்கிறேன். 'இதை நான் செய்தேன்' என்று காட்ட ஒரே ஒரு வேலை கையில் இருந்தால் போதும், அன்றைக்கு உங்களுக்கு வாய் திறந்திருக்கும்.

முதலில் ஒரு தெளிவு வேண்டும். நூலகமும் ஆவணக்காப்பகமும் அண்ணன் தம்பி மாதிரித் தெரிந்தாலும் குணம் வேறு. நூலகத்தில் ஒவ்வொரு புத்தகமும் தனி ஆள். பொருளைப் பார்த்து எண் போட்டு அலமாரியில் வைத்துவிடலாம். ஆவணம் அப்படியில்லை. ஒரு பழைய ஜமீன் அலுவலகக் காகிதக் கட்டு வருகிறது என்று வையுங்கள். உள்ளே நெல் கணக்கு, வக்கீல் கடிதம், நடுவில் ஒரு கல்யாணப் பத்திரிகை. நூலகக் கை சும்மா இருக்காது. பத்திரிகையை எடுத்து, கல்யாணப் பத்திரிகைகள் இருக்கும் பெட்டியில் போடப் பார்க்கும். ஆவணக்காப்பாளர் அதைத் தொடமாட்டார். அது நெல் கணக்கோடு சேர்ந்து கிடப்பதால்தான் அந்தக் கல்யாணச் செலவு எந்த மகசூலிலிருந்து போயிருக்கலாம் என்று நாளைக்கு ஒருவர் கண்டுபிடிக்க முடியும். எங்கிருந்து வந்தது, எந்த வரிசையில் இருந்தது என்பதுதான் அங்கே சட்டம். நம் ஊர்ப் பாடத்திட்டங்களில் நூலகப் பக்கம்தான் பெரும்பாலும் அழுத்தமாக இருக்கும். ஆவணப் பக்கத்தை வெளியே போய்த்தான் கற்க வேண்டும்.

வெளியே என்றால் டெல்லி மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். நீங்கள் இருப்பது திருச்சியில். பஸ் ஏறினால் தஞ்சாவூர், சரஸ்வதி மகால் நூலகம். சென்னைக்குப் போனால் எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம், பெசன்ட் நகரில் உ.வே.சா. நூல் நிலையம், தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். அந்தப் பக்கம் புதுச்சேரியில் பிரெஞ்சு நிறுவனம். அங்குள்ள சைவ ஓலைச்சுவடிகளை 2005-ல் யுனெஸ்கோ 'உலக நினைவு' பதிவேட்டில் சேர்த்தது. ரோஜா முத்தையா யார் தெரியுமா? கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தவர். புத்தகம், நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், நாடக விளம்பரம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் சேர்த்துவைத்தார். 1992-ல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கியது. வாங்கியதைக் கப்பல் ஏற்றாமல் சென்னையிலேயே வைத்து 1994-ல் நூலகமாக்கினார்கள்.

இந்த மாதிரி ஓர் இடத்தில் ஆறு வாரம் உட்கார்ந்தால் என்ன கிடைக்கும்? ஒரு சின்ன உதாரணம் சொல்கிறேன். பழைய சிறுபிரசுரம் ஒன்று உங்கள் கைக்கு வருகிறது. முகப்பில் 'ருத்ரோத்காரி வருஷம் மாசி மாதம்' என்று மட்டும் இருக்கிறது, ஆங்கில ஆண்டு இல்லை. கடைசிப் பக்கத்தில் விலை அணாவில். அறுபது வருடச் சுற்றில் ருத்ரோத்காரி 1863, 1923, 1983 ஆகிய ஆண்டுகளின் சித்திரையில் பிறந்தது. அணா 1957-லேயே போய்விட்டதால் கடைசியதை அடித்துவிடலாம். மீதி இரண்டில் எது? அதற்கு முன்னால் இன்னொரு கண்ணி இருக்கிறது. அவசரக்காரர் பட்டியலில் '1923' என்று எழுதிவிட்டு அடுத்த புத்தகத்துக்குப் போய்விடுவார். மாசி பிப்ரவரி நடுவில் அல்லவா தொடங்குகிறது? அதற்குள் ஆங்கில ஆண்டு மாறியிருக்கும். ஆகவே அது 1864, இல்லையென்றால் 1924.

இப்போது துப்பறிய வேண்டும். 1867-ல் வந்த அச்சகம் மற்றும் நூல் பதிவுச் சட்டத்துக்குப் பிறகு, அச்சான புத்தகங்களைச் சென்னை மாகாண அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பட்டியல் போட்டது. 1924 பட்டியலில் நம் பிரசுரம் இருக்கிறதா என்று தேடலாம். அதற்கு முந்திய காலத்துக்கு, ஜான் மர்டாக் 1865-ல் வெளியிட்ட தமிழ் அச்சு நூல்களின் அட்டவணை இருக்கிறது. இரண்டிலும் கிடைக்காவிட்டால் அச்சுக்கூடத்தின் பெயரைப் பிடித்துக்கொண்டு, அது எந்த ஆண்டுகளில் நடந்தது என்று மற்ற புத்தகங்களிலிருந்து பார்க்க வேண்டும். ஒரே ஒரு ஆண்டை நிரப்ப அரை நாள் ஆகும். பக்கத்தில் ஒரு மூத்தவர் இருந்து 'மாசியைப் பார்த்தாயா?' என்று கேட்டால்தான் இது புத்தியில் ஏறும். வெபினாரில் ஏறாது. நேர்காணலில் இந்த ஒரு கதையைச் சொல்லிப் பாருங்கள், அப்புறம் யாரும் ஃபைலைக் கேட்கமாட்டார்கள்.

எப்படி உள்ளே போவது என்றால், கடிதம் எழுதித்தான். 'தங்கள் மேலான நிறுவனத்தில் பயிற்சி பெற வாய்ப்பளிக்குமாறு' என்று எழுதினால் அது மேலான குப்பைக்கூடைக்குப் போகும். மே முதல் வாரத்திலிருந்து ஆறு வாரம் வர முடியும், தமிழ்த் தட்டச்சு நன்றாகத் தெரியும், நூல் விவரங்களைக் கணினியில் பதியும் மார்க் 21 முறையில் இத்தனை நூல்களுக்குப் பதிவு செய்திருக்கிறேன், உங்களிடம் பட்டியலிடாமல் இருக்கும் துண்டுப் பிரசுரங்களில் வேலை செய்ய விருப்பம் என்று நறுக்கென்று எழுதுங்கள். உங்கள் துறைத்தலைவரின் கடிதத்தையும் இணையுங்கள். பல இடங்களில் சம்பளம் இருக்காது, அதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஆறு வாரம் சரி. ஆறு மாதம் சும்மா தூசி தட்டச் சொன்னால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். கற்றுக்கொடுக்காத இடத்தில் இலவச வேலை பார்ப்பதைப் பயிற்சி என்று நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

அந்தக் கடிதத்தில் எழுத 'இத்தனை பதிவுகள்' வேண்டுமே? அதை வீட்டிலிருந்தே செய்யலாம். நூலகங்களுக்கான கோஹா மென்பொருள் உங்கள் பாடத்தில் வந்திருக்கும். நியூசிலாந்தில் ஒரு கிராமப்புற நூலக அமைப்புக்காக 1999-ல் எழுத ஆரம்பித்தது, மாவோரி மொழியில் 'அன்பளிப்பு' என்று அர்த்தம், காசில்லை. தேர்வுக்கு இவ்வளவு போதும். ஆனால் அதை ஒரு பழைய லேப்டாப்பில் உபுண்டு இயங்குதளம் போட்டு நீங்களே நிறுவியிருக்கிறீர்களா? நிறுவி, உங்கள் தெருப் படிப்பகத்திலோ படித்த பள்ளியிலோ இருக்கும் 200 புத்தகங்களை ஏற்றிப் பாருங்கள். தமிழில் ஒரு சொல்லைத் தேடுவீர்கள், வரவேண்டியது வராமல் படுத்தும். பல மொழி எழுத்துகளையும் கையாளும் ஐசியு என்ற தேடல் அட்டவணை முறைக்கு மாற்ற வேண்டும் என்று எங்கோ படித்துத் தெரிந்துகொள்வீர்கள். மாற்றும்போது இன்னொன்று உடையும். அந்த இரண்டு நாள் தலைவலிதான் உங்கள் படிப்பு. உடைந்ததையும் சரிசெய்ததையும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

கம்ப்யூட்டர் கைக்கு வராத நாட்களில் போனிலேயே செய்யக்கூடிய வேலை தமிழ் விக்கிமூலத்தில் இருக்கிறது. ஸ்கேன் செய்த பழைய நூலின் பக்கம் ஒருபுறம், இயந்திரம் படித்த எழுத்து மறுபுறம். ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். மெய்ப்புப் பார்த்த பக்கம் மஞ்சளாகும், இன்னொருவரும் பார்த்துச் சரி என்றால் பச்சையாகும். நீங்கள் தொட்ட ஒவ்வொரு பக்கமும் உங்கள் கணக்கில் என்றைக்கும் பதிவாகியிருக்கும். எந்த எழுத்தில் இயந்திரம் தடுக்கி விழுகிறது என்பதும் தெரியவரும். இதே மாதிரி, 2005-ல் தொடங்கிய இலங்கையின் 'நூலகம்' மின்னூலகத்தையும் ஒரு நாள் நிதானமாகப் பாருங்கள். 1981-ல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைப் பார்த்த ஒரு சமூகம், தன்னார்வலர்களை வைத்துக்கொண்டு எதையெல்லாம் சேர்த்திருக்கிறது, எப்படி விவரம் எழுதியிருக்கிறது என்று கவனியுங்கள்.

டெல்லி விஷயத்துக்கு வருகிறேன். தேசிய ஆவணக்காப்பகத்தின் பயிற்சிப் பள்ளியில் ஒரு வருட டிப்ளமா இருக்கிறது, உண்மை. அதே பள்ளி சில வாரங்களில் முடியும் குறுகிய காலப் பயிற்சிகளையும் நடத்துகிறது. நூல், சுவடி, ஆவணப் பராமரிப்புக்கு ஒன்று, ஆவண மேலாண்மைக்கு ஒன்று என்று தனித்தனியாக. அறிவிப்பு வரும்போது தகுதியைப் படித்துப் பார்த்துவிட்டு அதில் ஒன்றுக்கு விண்ணப்பியுங்கள். ஒரு வருட வாடகையைவிடச் சில வாரச் செலவை வீட்டில் கேட்பது சுலபம்.

பராமரிப்புப் பயிற்சியை நான் வற்புறுத்துவதற்கு ஒரு காரணம் இருக்கிறது, கொஞ்சம் வெட்கமான காரணம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நூலகத்தில் கிழிந்த பழைய புத்தகங்களையெல்லாம் செல்லோடேப் போட்டு ஒட்டினேன். சுறுசுறுப்பான பெண் என்று பெயர் வேறு வாங்கினேன். பதினைந்து வருடம் கழித்து அதே புத்தகங்களைத் திறந்தேன். டேப் உதிர்ந்துவிட்டது, பசை மட்டும் தாளில் ஊறிப் பழுப்புப் பட்டையாக நிற்கிறது. இன்னும் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு டேப்பை மெல்ல இழுத்தேன், ஒரு வரி எழுத்து அதோடு வந்துவிட்டது. தாளைத் தின்னும் ராமபாணப் பூச்சிகூட அந்தப் புத்தகத்துக்கு அவ்வளவு கெடுதல் செய்திருக்காது. மாவுப் பசையும் மெல்லிய ஜப்பானியத் தாளும் வைத்து ஒட்டு என்று ஒருவர் அன்றைக்குச் சொல்லியிருந்தால் போதும்.

சங்கங்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். சென்னை நூலகச் சங்கம் 1928-லிருந்து இருக்கிறது, எஸ்.ஆர். ரங்கநாதன் முன்னின்று தொடங்கியது. சீர்காழிக்காரர், கணக்கு வாத்தியார். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் பதவிக்கு வந்தபோது நூலகவியல் தெரியாது. லண்டனுக்குப் படிக்கப் போய், வகுப்பில் இருந்ததோடு நிற்காமல் நூலகம் நூலகமாகச் சுற்றினார். சங்கக் கூட்டங்களுக்குப் போனால் பேச்சைவிடத் தேநீர் இடைவேளை முக்கியம். எங்கே ஆள் தேடுகிறார்கள் என்பது அங்கேதான் தெரியும். அமெரிக்காவில் ஆவணக்காப்பாளர் சங்கத்துக்குப் பல்கலைக்கழகங்களில் மாணவர் கிளைகள் உண்டு. மாணவர்களே நடத்துகிறார்கள், வேலையில் இருப்பவர்களைக் கூப்பிட்டுப் பேச வைக்கிறார்கள். உங்கள் துறையில் மாதம் ஒரு சனிக்கிழமை இதைச் செய்ய என்ன தடை? ஒரு நூலகர், டீ, பிஸ்கட். அழைப்புக் கடிதம் எழுதுகிறவர் நீங்களாக இருந்தால் அந்த நூலகர்களுக்கு உங்கள் பெயர் தெரிந்துவிடும்.

கருத்தரங்கில் கட்டுரை படிக்கலாம், நல்லது. 'பணம் கட்டுங்கள், மூன்று நாளில் வெளியிடுகிறோம்' என்று வாட்ஸ்அப்பில் வரும் பத்திரிகைகளுக்கு மட்டும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அது பின்னாளில் பயோடேட்டாவில் கறையாக நிற்கும், என் செல்லோடேப் மாதிரி.

கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வும், டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் நூலகப் பணித் தேர்வும் எழுத வேண்டும், அதில் பேச்சே இல்லை. சுவடிதான் உயிர் என்பவரும் சாப்பிட வேண்டுமே. காலையில் இரண்டு மணி நேரம் தேர்வுக்கு, சனி ஞாயிறு கோஹாவுக்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள். நூலகர் வேலையில் உட்கார்ந்துகொண்டே ஆவணப் பக்கம் போனவர்களை எனக்குத் தெரியும். பழைய கல்லூரிகளின் மாடிப்படிக்குக் கீழே எத்தனை மாணவர் பதிவேடுகள், ஆண்டு மலர்கள், கடிதக் கட்டுகள் கேட்பாரற்றுக் கிடக்கின்றன!

கடைசியாக அந்த 23 சான்றிதழ்கள். ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, அங்கே என்ன கற்றேன் என்று இரண்டு நிமிடம் உங்கள் அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள். சொல்ல முடிந்தவை மூன்றோ நான்கோ தேறும், அவை மட்டும் ஃபைலில் இருக்கட்டும். மீதியைக் கிழிக்க வேண்டாம், தனியாக ஒரு அட்டை உறையில் போட்டு வீட்டிலேயே வையுங்கள். மலிவான பிளாஸ்டிக் ஃபைலில் மட்டும் வைக்காதீர்கள் அம்மா. லேசர் பிரின்ட் எழுத்து நாளடைவில் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். லேமினேஷன் போட அப்பா கிளம்பினால் தடுத்து நிறுத்துங்கள்.