தலைப்பிள்ளைச் சேதி: யாருக்கு, எப்போது?

கேள்வி: கல்யாணமாகி ஒன்றரை வருடம் ஆகிறது. புகுந்த வீடு பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம், அம்மா வீடு பொள்ளாச்சி. இப்போது எனக்குப் பத்தாவது வாரம். கணவருக்கும் மாமியாருக்கும் மட்டும்தான் தெரியும். "மூணு மாசம் கழியட்டும், கண்ணு பட்டுடும்" என்று அத்தை, என் அம்மாவிடம்கூடச் சொல்ல வேண்டாம் என்கிறார். தினமும் போனில் அம்மாவிடம் மறைத்துப் பேசுவது தாங்க முடியவில்லை. நாத்தனாருக்கு இரண்டு முறை கரு கலைந்துவிட்டது. அவரை நினைத்தால் சந்தோஷப்படவே குற்ற உணர்வாக இருக்கிறது. கணவரோ ஸ்கேன் படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடத் துடிக்கிறார். என்ன செய்வது?
- வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: மகளே, முதலில் மனமார்ந்த வாழ்த்து. உன் கடிதத்தில் சந்தோஷத்துக்கு ஒரு பாதி வரிதான் கிடைத்திருக்கிறது, அதுவும் குற்ற உணர்வோடு ஒட்டிக்கொண்டு. தலைப்பிள்ளையைச் சுமக்கிற பெண்ணுக்கு இது போதாது.

அம்மாவிடம் சொல்லிவிடு. தள்ளிப்போடாதே.

அத்தை சொல்கிற மூன்று மாதக் கணக்கை நான் மூடநம்பிக்கை என்று ஒதுக்கவில்லை. உறுதியான கர்ப்பங்களிலும் சுமார் 10 முதல் 20 சதவீதம் வரை கலைந்துபோகின்றன. அதில் பெரும்பாலானவை முதல் 12 வாரத்துக்குள் நடப்பவை. ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு, பிறகு ஒவ்வொருவரிடமும் "இல்லைங்க, நிக்கலை" என்று சொல்லி அழ வேண்டிய நிலை வரக்கூடாது என்றுதான் நம் பெரியவர்கள் வாயைக் கட்டினார்கள். அந்த அளவில் அத்தை சொல்வது நியாயம். ஆனால் அதே 12 வாரம்தான் மசக்கை வாட்டுகிற காலம், பயம் அதிகமாக இருக்கிற காலம். அப்போது பெற்ற தாயைத் தள்ளி வைப்பது எந்தக் கணக்கிலும் சேராது.

ராத்திரி இரண்டு மணிக்கு அடிவயிறு வலித்தால், கொஞ்சம் ரத்தம் பட்டால், யாருக்குப் போன் போடுவாய்? அவர்களுக்கெல்லாம் இப்போதே தெரிய வேண்டும். மற்றவர்கள் 11 முதல் 14 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேன் வரைக்கும் காத்திருக்கட்டும்.

அத்தைக்குத் தெரியாமல் சொல்லாதே. பின்னால் தெரிந்தால் மனம் கசக்கும். நேராகவே கேள்: "அத்தை, எங்கம்மாகிட்ட இதை நீங்களே சொன்னா நல்லா இருக்கும்." சம்பந்தி வாயால் அந்தச் சேதி வந்தால் உன் அம்மாவுக்கும் பெருமை, தன்னிடம் கேட்டுத்தான் செய்தாள் என்று அத்தைக்கும் நிறைவு. அப்போதும் மறுத்தால், உன் கணவர் தன் அம்மாவிடம் உட்கார்ந்து பேசட்டும். அது அவர் செய்ய வேண்டிய வேலை, உன் தலையில் ஏற்றிக்கொள்ளாதே.

இனி உன் நாத்தனார். கடிதத்திலேயே எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்டது இதுதான்.

நல்ல எண்ணத்தில் நம் வீடுகளில் ஒரு தவறு நடக்கிறது. குழந்தையை இழந்தவளிடம் "பாவம், மனசு கஷ்டப்படும்" என்று எல்லோரும் சேர்ந்து மறைப்பார்கள். கடைசியில் யாரோ ஒரு பெரியம்மா விசேஷ வீட்டுப் பந்தியில் போட்டு உடைப்பார். சேதி தரும் வலியைவிட, எல்லோருக்கும் தெரிந்து தனக்கு மட்டும் தெரியாமல் இருந்தது என்ற வலி பெரியது. அதனால் சொந்தபந்தத்துக்குப் போகும் முன்பே, தனியாக, அவருக்குப் போகட்டும். கூட்டத்தில் வேண்டாம், நேரில் முகத்தைப் பார்த்தும் வேண்டாம். எழுதி அனுப்பு. படித்துவிட்டு அழ வேண்டுமானால் யாரும் பார்க்காமல் அழ அவருக்கு இடம் வேண்டும்.

இப்படி எழுதலாம்: "நங்கையா, நான் மாசமா இருக்கேன். வேற யாரோ சொல்லி உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு நானே சொல்றேன். உடனே பதில் போடணும்னு இல்லை. உங்களுக்கு எப்போ பேசத் தோணுதோ அப்போ பேசலாம்." அவ்வளவு போதும். "உங்களுக்கும் சீக்கிரம் நடக்கும்" என்று மட்டும் சேர்க்காதே. அந்த வாக்கியத்தை அவர் கேட்டுக் கேட்டுப் புண்பட்டிருப்பார்.

பதில் வர நாளாகலாம். ஒரு மாதம் உன் பக்கமே வராமலும் இருக்கலாம். அது உன்மேல் பொறாமை என்று யார் சொன்னாலும் நம்பாதே. அவர் தன் துக்கத்தைச் சுமந்துகொண்டிருக்கிறார். உன் சந்தோஷம் அவரிடமிருந்து எதையும் பறிக்கவில்லை. நீ முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டால் அவர் குழந்தை திரும்பி வரப்போவதும் இல்லை.

இன்னொன்றை அத்தை காதிலும் போடு. ஆரம்ப வாரங்களில் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம் கருவின் குரோமோசோமில் இருக்கும் கோளாறு. நாத்தனார் பைக்கில் போனதாலோ, குடம் தூக்கியதாலோ, கண் பட்டதாலோ நடந்ததல்ல. அந்த வீட்டில் இத்தனை நாளில் யாராவது அவரிடம் "உன் மேல தப்பில்லை" என்று சொல்லியிருப்பார்களா? இல்லையென்றால் இப்போதாவது சொல்லட்டும்.

வளைகாப்பு வரும்போது "அவ கை படக்கூடாது" என்று கிசுகிசுக்க ஒருவர் இருப்பார். அதற்கு இடம் கொடுக்காதே. வர மனமிருந்தால் வரட்டும், வராவிட்டால் வற்புறுத்த வேண்டாம். வந்தால், அவர் கையால் வளையல் போட்டுக்கொள்.

உன் கணவர் துள்ளுவதைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஸ்கேன் படம் குரூப்புக்கு இப்போது வேண்டாம். அந்தப் படத்தின் ஓரத்தில் உன் பெயர், வயது, ஆஸ்பத்திரி எண் எல்லாம் அச்சாகியிருக்கும். ஒருமுறை போட்டால் எங்கெங்கோ போகும். அவருக்கு வேறு வேலை கொடு. அடுத்த ஸ்கேனுக்கு லீவு போட்டுக் கூட வரட்டும். குழந்தையின் இதயத் துடிப்பைத் திரையில் பார்க்கட்டும். ஃபோலிக் அமில மாத்திரையை நேரத்துக்கு எடுத்துக் கொடுக்கட்டும். நான்காம் மாதத்திலிருந்து இரும்புச்சத்து மாத்திரை சேரும், அதையும் அவரே பார்த்துக்கொள்ளட்டும். 18 முதல் 20 வாரத்தில், தலைப்பிள்ளையாக இருப்பதால் சில சமயம் கொஞ்சம் தாமதமாகவும், வயிற்றுக்குள் முதல் அசைவு தெரியும். அவர் கைக்கு அது எட்ட மேலும் சில வாரம் ஆகும். எட்டுகிற அன்றைக்கு அவரும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

"பையனா, பொண்ணா?" என்று கேட்கிற சொந்தக்காரர்களுக்கு ஒரே பதில்: கேட்பதும் தப்பு, சொல்வதும் தப்பு, 1994-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது.

அம்மாவுக்குத் தெரிந்தபிறகு, நீ அவர் வயிற்றில் இருந்தபோது மசக்கைக்கு என்ன கேட்டார், யார் வாங்கிக் கொடுத்தார்கள் என்று விசாரி. உன் அம்மிச்சி, அதாவது அம்மாவைப் பெற்றவர், இருந்தால் அவரிடமும் கேள். நீ இதுவரை கேட்டிராத கதைகள் வரும்.

எல்லையோரத்தில் இருப்பதால் உனக்கு ஒரு வேலை கூடுதல். பொள்ளாச்சியில் பிரசவம் என்று முடிவானால், இரண்டு பக்கமும் ஆவணம் சரியாக இருக்க வேண்டும். கொழிஞ்சாம்பாறையில் ஆஷா பணியாளரிடம் இப்போதே பதிவு செய்து, தாய் சேய் அட்டையை வாங்கிவிடு. தமிழ்நாட்டில் பிறப்புச் சான்றிதழுக்குக் கர்ப்பப் பதிவு எண்ணைக் கேட்பார்கள். கேரளத்துப் பதிவை அங்கே எப்படிச் சேர்ப்பது என்று அம்மா வீட்டுப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் முன்கூட்டியே விசாரித்து வை. முதல் குழந்தைக்கு மத்திய அரசின் மாத்ரு வந்தனா திட்டத்தில் 5,000 ரூபாய் உதவி உண்டு, உனக்குத் தகுதி இருக்கிறதா என்பதை அங்கன்வாடியில் கேள். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ கட்டுச்சோறு கட்டி உன்னை அழைத்துப்போக வரும்போது, அட்டை, ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாம் ஒரே ஃபைலில் உன் கையில் இருக்கட்டும். கார் டிக்கியில் சோற்றுத் தூக்குகளுக்கு அடியில் வைத்துவிடாதே.